இரண்டு தெய்வங்களும் ஓர் அணையும்

கரீபா ஏரிக்குப் போகிறவர்களுக்காக அச்சிடப்படும் கையேடுகளில் ஒரு படம் தவறாமல் இருக்கிறது. அந்திச் சிவப்பு, அசையாத நீர், நீரிலிருந்து எழுந்து நிற்கும் இலையற்ற கறுப்பு மரங்கள், அவற்றில் ஒன்றின் உச்சியில் ஒரு மீன்கழுகு. படம் அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் புதுக்கவிதைக்காரர்கள் கையில் இந்த மரங்கள் கிடைத்திருந்தால் இரண்டு மூன்று வருஷத்துக்கான தனிமையை எழுதித் தீர்த்திருப்பார்கள். மரங்களுக்கு அந்த உத்தேசம் எதுவும் கிடையாது. இவை மோப்பானி மரங்கள். ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் நின்றவை. 1958 டிசம்பர் 2-ம் தேதி ஆறு அடைக்கப்பட்டபின் நின்ற இடத்திலேயே நீருக்குள் போனவை. மீன்பிடிப்பதற்கென்று சில பகுதிகளில் மட்டும் காட்டை முன்கூட்டியே வெட்டி எரித்தார்கள். மற்ற இடங்களில் விட்டுவிட்டார்கள். விடப்பட்டவைதான் படத்தில் நிற்கின்றன.

கரீபாவுக்கு நான் போனதில்லை. போய்வந்தவர்கள் எழுதியது, போகச் சொல்லி அழைப்பவர்கள் எழுதியது, அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டது — இம்மூன்றையும் அருகருகே வைத்துப் படித்ததில் எழுந்த எண்ணங்களே இக்கட்டுரை. ஓர் இடம் பார்க்கத்தக்க இடமாக ஆகும்போது அதன் சரித்திரத்தில் எது கதையாகிறது, எது கதையாகாமல் நின்றுவிடுகிறது என்பதுதான் என் அக்கறை.

விவரங்களை முதலில் சொல்லிவிடலாம். ஸாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே, ஸாம்பெஸி ஆற்றின் குறுக்கே, 128 மீட்டர் உயரத்தில் ஒரு வளைவணை. அதன் பின்னால் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நீளத்துக்கு, அகன்ற இடங்களில் 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலத்துக்குத் தேங்கி நிற்கும் நீர். பரப்பு சுமார் 5,400 சதுர கிலோமீட்டர். கொள்ளளவை வைத்துப் பார்த்தால் மனிதன் உண்டாக்கிய ஏரிகளில் இதுவே உலகத்தில் பெரியது. இந்த நீரின் பாரம் தாங்காமல் பூமியே அசைந்தது. ஏரி நிரம்பிய 1963-ல் ரிக்டர் அளவில் 6-ஐ ஒட்டிய நில அதிர்ச்சிகள் பதிவாயின. இன்று இங்கே வருகிறவர்கள் படகுவீடுகளில் தங்குகிறார்கள். புலிமீனுக்குத் தூண்டில் போடுகிறார்கள். வெட்டுப்பற்கள் கொண்ட, தூண்டிலில் சிக்கியபின் நீருக்கு மேலே துள்ளிச் சண்டையிடும் மீன் அது. அதற்கென்று வருஷாந்திரப் போட்டியே நடக்கிறது. தென்கரையில் மட்டுஸடோனா தேசியப் பூங்கா. யானை, காட்டெருமை, நீர்யானை, முதலை எல்லாவற்றையும் படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

கையேடுகள் இதை மனிதன் கைபடாத இயற்கை என்ற பொருளில் வர்ணிக்கின்றன. இந்த ஏரிக்கு என் தகப்பனாரின் வயதுதான். ஏரியின் நீர் ஏறி இறங்கும் கரையில் முளைக்கும் ஒருவகைப் புல்லை நம்பித்தான் காட்டெருமை மந்தைகள் கரைக்கு வருகின்றன. நீர் ஏறி இறங்குவதோ அணையால். படகிலிருந்து எடுக்கப்படும் காட்டெருமைப் படம் ஒவ்வொன்றிலும் அணை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்.

*

1953-ல் பிரிட்டன் தன் மூன்று ஆப்பிரிக்கப் பிரதேசங்களை — தெற்கு ரொடீஷியா, வடக்கு ரொடீஷியா, நியாஸாலாந்து — ஒன்றாக்கி ஒரு கூட்டாட்சியை ஏற்படுத்தியது. பத்து வருஷம் தாக்குப்பிடித்து 1963-ல் கலைந்துபோன அமைப்பு அது. வடக்கிலுள்ள தாமிரச் சுரங்கங்களுக்கும் தெற்கிலுள்ள தொழிற்சாலைகளுக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது. வடக்கு ரொடீஷியா தன் எல்லைக்குள் ஓடும் கஃபூவே ஆற்றில் அணை கட்டவேண்டும் என்றது; அங்கே இடம்பெயர வேண்டியவர்கள் குறைவு. கூட்டாட்சி அரசு 1955-ல் கரீபாவைத் தேர்ந்தெடுத்தது. முதல் மின்நிலையம் தென்கரையில் அமைந்தது. வடகரையில் மின்நிலையம் வருவதற்கு எழுபதுகளின் பிற்பகுதி ஆயிற்று.

1956-ல் உலக வங்கி இதற்கு 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. தனி ஒரு திட்டத்துக்கு அந்த வங்கி அதுவரை கொடுத்திருந்த கடன்களில் இதுவே பெரியது. வங்கிக் குமாஸ்தா வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கடன் மனுவில் வரவும் செலவும் ஈடும் தவணையும் எழுதக் கட்டங்கள் இருக்கும். கட்டம் இல்லாத விஷயம் இழப்பாகாது. பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்துவது அணைக்கான செலவினங்களில் ஒன்றாக மட்டுமே இருந்தது. அணை கட்டி முடித்தபிறகு அவர்கள் எதைத் தின்பார்கள் என்று எழுத அந்தக் காலத்தின் எந்தக் காகிதத்திலும் கட்டம் இருந்திருக்க முடியாது.

அவர்கள் குவெம்பே பள்ளத்தாக்கின் டோங்கா மக்கள். ஆற்றின் இரு கரையிலும் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் வரைந்த எல்லை ஆற்றின் நடுவே போயிற்று என்றாலும் தோணியில் அக்கரைக்குப் போய்ப் பெண் எடுப்பதும் துக்கத்துக்குப் போய்வருவதும் நிற்கவில்லை. வருஷா வருஷம் வெள்ளம் வடிந்தபின் கரையில் படியும் வண்டலில் பயிர் செய்தார்கள். மழைக்காலத்துக்கு மேட்டு நிலம், வறட்சிக்காலத்துக்கு ஆற்றங்கரை நிலம் என்று இரண்டு விளைச்சல். ஒன்று பொய்த்தால் மற்றது காப்பாற்றும். ஊருக்கு ஊர் மலெண்டே என்ற வழிபாட்டிடங்கள் உண்டு. அவற்றுக்குப் பொறுப்பானவர் சிக்கடோங்கோ. விதைக்கிற நாளும் மழைக்கான சடங்கும் அவர் பொறுப்பு. முக்கியமான விஷயம், இந்த வழிபாட்டிடங்கள் அந்த மண்ணோடு பிணைந்தவை. நம் ஊர்களில் செய்வதுபோல் பிடிமண் எடுத்துப்போய் வேறிடத்தில் கோயில் கட்டிக்கொள்ளும் வழி அங்கே இல்லை.

அப்புறப்படுத்தப்பட்டவர்கள் மொத்தம் 57,000 பேர். வடகரையில் சுமார் 34,000, தென்கரையில் 23,000. வடகரையில் சிப்பெப்போ தலைவரின் ஆட்களில் சுமார் 6,000 பேரை அணைக்குக் கீழே, நூறு மைலுக்கும் அப்பால், லுஸிட்டு என்ற இடத்துக்குப் போகச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். கவர்னர் ஆர்தர் பென்ஸனே நேரில் வந்து பேசியும் பயனில்லை. 1958 செப்டம்பர் 10-ம் தேதி சிசோமோ கிராமத்தில் ஈட்டிகளோடு நின்ற ஜனங்களைப் பார்த்துப் போலீஸ் சுட்டது. 8 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டார்கள். லுஸிட்டுவில் மண் வேறு, செடிகொடிகள் வேறு. போய்ச் சேர்ந்த அடுத்த வருஷம் திடீரென்று ஒரு நோய் கண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். பழக்கமில்லாத காட்டில் கீரை என்று பறித்ததில் நச்சுச் செடி கலந்திருக்கலாம் என்று பின்னால் கருதப்பட்டது.

எலிஸபெத் கோல்ஸன், தேயர் ஸ்கட்டர் என்ற இரண்டு மானிடவியலாளர்கள் 1956-57-ல், வெளியேற்றத்துக்கு முன்பே, இந்தக் கிராமங்களில் தங்கி எழுதத் தொடங்கியிருந்தார்கள். பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போனார்கள். கோல்ஸன் 2016-ல் இறந்ததும் ஸாம்பியாவில்தான். பெரிய அணைகளால் இடம்பெயர்க்கப்பட்டவர்களைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் கணிசமான பங்கு இந்தக் கிராமங்களிலிருந்து வந்தது.

*

ஆனால் கரீபாவின் கதை என்று உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று. நீர் ஏறத் தொடங்கியதும் மேடுகள் தீவுகளாயின. தீவுகளில் மிருகங்கள் சிக்கிக்கொண்டன. தெற்கு ரொடீஷியாவின் வனவிலங்கு அதிகாரி ரூப்பர்ட் ஃபாதர்கில் தலைமையில் சிறு குழுவொன்று படகுகளில் போய் அவற்றைப் பிடித்துக் கரைசேர்த்தது. 1964 வரை நடந்த இந்தக் காரியத்தில் 5,000-த்துக்கும் அதிகமான பிராணிகள் காப்பாற்றப்பட்டன. மான்களின் கால்களைக் கயிற்றால் கட்டினால் தோல் அறுகிறது என்பதால், பெண்கள் போட்டுக் கழித்த நைலான் காலுறைகளைக் கேட்டு வாங்கிப் பின்னிக் கட்டினார்கள். மயக்க மருந்தை ஊசியாகச் சுட்டுக் காண்டாமிருகத்தைப் படுக்கவைத்து, தெப்பத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இவற்றில் பல மட்டுஸடோனா கரையில் விடப்பட்டன. பூங்காவின் தொடக்கமே அதுதான்.

இந்த மனிதர்களின் துணிச்சலையோ இரக்கத்தையோ குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. கறுப்பு மாம்பா ஏறியிருக்கும் மரத்தடியில் இடுப்பளவு நீரில் நின்று வேலை செய்தவர்கள். அவர்களோடு நின்ற ஆப்பிரிக்கத் தொழிலாளர்களின் பெயர்கள் கதைகளில் அபூர்வமாகவே வருகின்றன என்பதைத் தவிர இதில் எனக்குப் புகார் இல்லை. நான் நின்று பார்ப்பது அந்தக் காரியத்துக்கு இடப்பட்ட பெயரில். ‘நோவா நடவடிக்கை’ என்று அதற்குப் பெயர்.

விவிலியத்தில் பிரளயத்தை அனுப்புகிறவர் கடவுள். நோவா அதற்குப் பொறுப்பாளி அல்ல. வரப்போவதை அறிந்து பேழை கட்டிக்கொண்டவன். கரீபாவில் பிரளயத்தை அனுப்பியது ஓர் அரசாங்கம். காப்பாற்றப் படகு அனுப்பியதும் அதே அரசாங்க வட்டாரம். நோவா என்ற பெயர் வந்து விழுந்ததும் முதல் பாதி மறைந்துவிடுகிறது. நீர் எங்கிருந்தோ வந்ததாகிறது. மழை பெய்வதைப்போல் பெய்ததாகிறது. மிச்சமிருப்பது படகும் இரக்கமும். 1959-லேயே வெளிவந்துவிட்ட ஒரு புத்தகம் இந்தக் காரியத்தை ‘மிருகங்களின் டன்கர்க்’ என்ற பொருள்படும் தலைப்பில் கொண்டாடியது. 1940-ல் டன்கர்க் கடற்கரையிலிருந்து சின்னச் சின்னப் படகுகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களை மீட்டதை நினைவூட்டும் தலைப்பு. அங்கே துரத்தியது ஜெர்மன் சைன்யம். இங்கே துரத்தியது யார் என்ற கேள்விக்குத் தலைப்பில் இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆதியாகமத்தின்படி பேழையில் மிருகங்களோடு மனிதர்களும் ஏறினார்கள்: நோவா, மனைவி, மூன்று பிள்ளைகள், மூன்று மருமக்கள் — எட்டுப் பேர். சிசோமோவில் இறந்தவர்களும் எட்டுப் பேர். இந்த எண்ணொற்றுமையில் எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் பெயர் வைத்தவர்களுக்கு அந்தக் கதையில் மனிதர்களும் உண்டு என்பது ஞாபகம் வரவில்லை என்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதே காலத்தில் இன்னொரு தெய்வமும் பிரபலமாயிற்று. 1957-லும் 1958-லும் ஸாம்பெஸியில் வந்த வெள்ளம் யாரும் எதிர்பாராதது. இரண்டாவது வெள்ளம் பத்தாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வரக்கூடியது என்று பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். தற்காலிக அணை உடைந்தது, பாலம் போயிற்று. இது நியாமிநியாமியின் கோபம் என்று பத்திரிகைகள் எழுதின. மீன்தலையும் பாம்புடலும் கொண்ட ஆற்றுத் தெய்வம். அணை அதை அதன் மனைவியிடமிருந்து பிரித்துவிட்டது என்பது கதை. நியாமிநியாமி முக்கியமாகத் தென்கரையின் மோலா பகுதியோடு சேர்ந்தது. பள்ளத்தாக்கு முழுவதற்கும் அது ஏக தெய்வம் என்ற எண்ணம், பத்திரிகைகளில் அந்த வெள்ளத்தோடு சேர்ந்து பெருகியது. அதே 1959-ல் வந்த இன்னொரு புத்தகத்தின் உபதலைப்பு, அணை கட்டியதை ஆற்றுத் தெய்வத்தோடு நடந்த போராட்டம் என்கிறது.

ஒரு பக்கம் பிரளயத்தை அனுப்பும் கடவுள். இன்னொரு பக்கம் அணையை எதிர்க்கும் தெய்வம். இரண்டு கதைகளும் எதிரெதிரானவைபோலத் தெரிகின்றன. ஒன்றில் வெள்ளைக்காரன் காப்பாற்றுகிறவன், மற்றதில் வெல்கிறவன். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒரு கூட்டாட்சி அரசின் அமைச்சரவை ஒரு குறிப்பிட்ட வருஷத்தில், வேறொரு திட்டத்தை ஒதுக்கிவிட்டு எடுத்த முடிவு, இரண்டு தெய்வங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடுகிறது. டோங்கா மக்களின் எதிர்ப்பும் காணாமல் போகிறது. சிசோமோவில் நின்றவர்கள் தெய்வத்தின் பேரால் மட்டும் நிற்கவில்லை. எங்கள் நிலம், எங்களைக் கேட்காமல் கொடுத்துவிட்டீர்கள் என்று சொல்லத் தெரிந்த ஜனங்கள் அவர்கள். அந்த வாதத்துக்குப் பதில் சொல்வது கஷ்டம். பாம்புத் தெய்வத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அணையைக் கட்டி முடித்தால் போதும்.

மூன்றாவதாக ஒரு புத்தகமும் உண்டு. டேவிட் ஹோவர்த் 1961-ல் எழுதியது; அணையின் நிழலைத் தலைப்பாகக் கொண்டது. வெளியேற்றத்தைப் பற்றியும் சிசோமோவைப் பற்றியும் அதில் இருக்கிறது. ஆகவே விஷயம் யாருக்கும் தெரியாமல் மறைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. எழுதப்பட்டது; அச்சாயிற்று. இருந்தும் நிலக்காட்சியில் போய் ஒட்டிக்கொண்டவை மற்ற இரண்டு கதைகள். ஏரியில் ஒரு தீவுக்கு ஃபாதர்கில்லின் பெயர் இருக்கிறது. நியாமிநியாமி, பயணிகள் வாங்கிப்போகும் கைத்தடியில் சுருண்டு கிடக்கிறது. நான் பார்த்த சுற்றுலா வரைபடங்கள் எதிலும் சிசோமோ இல்லை. உண்மையை மறைக்கப் பொய் தேவைப்படுவதில்லை. அதைவிடச் சுவையான இன்னொரு உண்மை பக்கத்தில் இருந்தால் போதும்.

*

ஓய்வுக்காக ஒதுக்கப்பட்ட இடம் சரித்திரத்துக்கு வெளியே இருக்கும் என்ற நம்பிக்கைதான் சுற்றுலாவின் அடிப்படை. கரீபாவில் அந்த நம்பிக்கை மூன்று விதமாகக் கலைந்தது.

முதலில் ஒரு செடியால். 1959-ல் ஏரியில் தென்பட்ட ஸால்வினியா என்ற மிதக்கும் பாசி, 1962-ல் ஏரிப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை மூடிவிட்டது. தென்னமெரிக்காவில் பிறந்த இந்தச் செடிக்குக் ‘கரீபாக் களை’ என்றே உலகத்தில் ஒரு பெயர் வந்தது. இலங்கைக்கு 1939-லேயே வந்து பரவியது. கேரளத்தின் காயல்களை மூடியபோது அங்குள்ளவர்கள் அதை ஆப்பிரிக்கப் பாயல் என்றார்கள். பெயர்கள் எப்படிப் பழியை இடம் மாற்றுகின்றன என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இரண்டாவது, யுத்தத்தால். 1978 செப்டம்பர் 3-ம் தேதி கரீபாவிலிருந்து ஸாலிஸ்பரிக்குப் புறப்பட்ட பயணிகள் விமானத்தை ஜிம்பாப்வே விடுதலைப் போராளிகளின் ஒரு பிரிவு ஏவுகணையால் வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 56 பேரில் பெரும்பாலோர் ஏரியில் விடுமுறையைக் கழித்துவிட்டுத் திரும்பியவர்கள். 38 பேர் விழுந்ததில் இறந்தார்கள். உயிர்தப்பியவர்களில் 10 பேரைத் தரையில் வைத்துச் சுட்டுக்கொன்றார்கள். 1979 பிப்ரவரி 12-ம் தேதி கரீபாவிலிருந்து கிளம்பிய இன்னொரு விமானமும் வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 59 பேரும் மாண்டார்கள். மீன் பிடிக்கப் போய்த் திரும்பியவர்களைக் கொன்றதற்கு எந்த நியாயமும் நான் தேடப்போவதில்லை. சிசோமோவுக்கு இது பதில் என்று எழுதினால் இரண்டு சாவுகளையும் அவமதித்ததாகும். ஒரு நாட்டில் யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போது அதன் ஓர் ஏரி மட்டும் விடுமுறையில் இருக்க முடியாது என்பதைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, நீராலேயே. தொடர்ந்த வறட்சியில் 2022 இறுதியில் மின் உற்பத்திக்குப் பயன்படுத்தக்கூடிய நீர் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. தென்கரை மின்நிலையத்தில் உற்பத்தியை நிறுத்திவைக்க உத்தரவாயிற்று. 2024-ல் மறுபடியும் கடும் வறட்சி. ஏரி நிரந்தரமானது என்று நினைத்துக் கட்டப்பட்ட எல்லாவற்றுக்கும் இது அதிர்ச்சி. பிங்கா வட்டாரத்து டோங்கா கிராமங்கள் பலவற்றுக்கு மின்வெட்டு என்பது அனுபவமே அல்ல. அவர்கள் நிலத்தை மூழ்கடித்து உண்டான மின்சாரம் அவர்கள் தலைக்கு மேலே கம்பியில் போயிற்று, அவர்களிடம் வரவில்லை.

இடையில் சில மாற்றங்கள் நடக்கவே செய்தன. டங்கனீகா ஏரியிலிருந்து 1967-68-ல் கொண்டுவந்து விடப்பட்ட கப்பென்டா என்ற சிறு மீன், இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கப்படும் ஒரு தொழிலாக வளர்ந்தது. காயவைத்த கப்பென்டா இன்று இரு நாட்டு ஏழைகளின் சாப்பாட்டில் இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டுக்கு நம்மிடம் உள்ள இடம் அதற்கு. 1989 முதல் மோலாவை உள்ளடக்கிய மாவட்டம், வேட்டைப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தில் கிராமங்களுக்கும் பங்கு கொடுக்கும் திட்டத்தில் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் நியாமிநியாமி. அணையை எதிர்த்ததாகச் சொல்லப்பட்ட தெய்வத்தின் பெயரில், யானை சுடுவதற்கான ரசீது எழுதப்பட்டது.

2002-ல் ஜிம்பாப்வே டோங்கா மக்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பசில்விசி — பேராற்று மக்கள் என்று பொருள். ஆறு அவர்கள் பக்கத்தில் ஏரியாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அங்கத்தினர்களில் இளைஞர்கள் அந்த ஆற்றைப் பார்த்தேயிருக்க முடியாது. நோவா, டன்கர்க், ஆற்றுத் தெய்வம் என்று பிறர் வைத்த இத்தனை பெயர்களுக்குப் பிறகு, இந்தச் சரித்திரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் இது. இதில் புராணம் இல்லை. எங்கே இருந்தோம் என்ற தகவல் மட்டும் இருக்கிறது.

கரீபாவுக்குப் போகிறவர்கள் போகட்டும். யானையையும் புலிமீனையும் அந்த மரங்களையும் பார்க்கட்டும். பார்ப்பது குற்றமில்லை. ஆனால் அந்த மரங்கள் நிற்பது ஒரு கரையில் என்பதும், அந்தக் கரையில் வண்டலில் விதைத்தவர்கள் எங்கே போனார்கள் என்பதும் கையேட்டில் ஒரு பத்தியாவது இருக்கவேண்டும். அது வரும்வரை அந்தப் படத்தை அழகான படம் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.